ஹார்ட் டிஸ்க்குக்குத் தூளி கட்டிய கதை

என் ராசாவுக்கு,

நேற்று போனை வைத்த பிறகு சற்று நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். அம்மா கவலைப்படுகிறாள் என்று நினைத்துவிடாதே. எனக்கு நிம்மதியாக இருந்தது. கல்யாணத்துக்கு நாள் இருக்கும்போதே இதைக் கேட்டாயே! தாலி கட்டி முடித்து, ஒரு வருஷம் ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டு திரிந்து, அதற்குப் பிறகு வந்து கேட்டிருந்தால் நான் யாருக்கு என்ன பதில் சொல்லியிருப்பேன்?

"அம்மா, கலைவாணிக்கு ஆஸ்பத்திரியில நைட் டூட்டி. காலையில வந்துதான் படுப்பா. எனக்கு வீட்டுல இருந்தே வேலை, பகல் பூரா கம்ப்யூட்டர்ல பேசிக்கிட்டே இருக்கணும். கோயம்புத்தூர்ல பாத்திருக்கிற வீட்டுல ஒரே ஒரு படுக்கையறைதான். இது சரிப்பட்டு வராதும்மா. நைட் டூட்டிய விட்டுரச் சொல்லி நீயே அவகிட்டப் பேசு. நீ சொன்னா கேப்பா." இதுதான் நீ சொன்னது. யோசித்துச் சொல்கிறேன் என்று நான் வைத்துவிட்டேன். யோசித்துவிட்டேன். அவளிடம் நான் ஒன்றும் பேசப் போவதில்லை. உனக்குத்தான் எழுதுகிறேன். போனில் சொன்னால் நடுநடுவே "சரிம்மா, சரிம்மா" என்பாய், பின்னால் யாரோ உன்னை மீட்டிங்குக்குக் கூப்பிடுவார்கள். எழுத்து என்றால் நீ உட்கார்ந்துதான் படிக்க வேண்டும்.

ராஜபாளையத்தில் நாம் குடியிருந்த லைன் வீடு உனக்கு அரைகுறையாகத்தான் நினைவிருக்கும். ஓர் அறை, ஒட்டினாற்போல் ஒரு சமையல்கட்டு, மேலே ஆஸ்பெஸ்டாஸ் கூரை. தொண்ணூறுகளின் கடைசி அது. நீ பால்வாடிக்குப் போய்க்கொண்டிருந்தாய். அப்பாவுக்கு நூல் மில்லில் வேலை. பஞ்சைச் சீவி எடுக்கும் பெரிய மெஷின்கள் இருக்கும் பகுதியில் அவர் ஃபிட்டர். அந்த வருஷம் முழுவதும் அவருக்கு ராத்திரி ஷிப்ட் போட்டுவிட்டார்கள். காலையில் தலையெல்லாம் பஞ்சோடு வருவார், குளிப்பார், இரண்டு இட்லி சாப்பிட்டுவிட்டுப் பாயை விரிப்பார். அவர் பாய் விரிக்கும் இடத்துக்கு ஒரு கை தள்ளி என் மேஜை. அந்த மேஜையில் என் கம்ப்யூட்டர்.

கல்யாணத்துக்கு முன்னால் நான் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஓர் அச்சகத்தில் தமிழ் டைப் அடித்துக்கொண்டிருந்தேன். கல்யாணமாகி ராஜபாளையம் வந்த பிறகும் அந்த அச்சகத்துக்காரர் என்னை விடவில்லை. மதுரையில் இருந்து ஒரு கம்ப்யூட்டரை வாங்கி வீட்டில் வைத்துக்கொண்டோம். அச்சடிக்க வேண்டியதை எல்லாம் நான் வீட்டிலேயே அடித்து, பக்கம் பக்கமாக அமைத்து, ஃபிளாப்பியில் போட்டு டவுன் பஸ்ஸில் கொண்டுபோய்க் கொடுப்பேன். நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை, கோயில் கொடைவிழா அழைப்பிதழ் என்று ஆரம்பித்தது, ஒரு கட்டத்தில் புத்தகமாகவே வர ஆரம்பித்தது. படங்களை வைக்க இடம் போதாமல், சிவகாசியில் மூடப் போகிற ஓர் அச்சகத்தில் இருந்து பழைய ஹார்ட் டிஸ்க் ஒன்றை வாங்கி இரண்டாவதாக மாட்டிக்கொண்டேன்.

உன் லேப்டாப்பில் சுற்றுகிற சாமான் எதுவும் கிடையாது என்று ஒரு தடவை சொன்னாய். எங்கள் காலத்து ஹார்ட் டிஸ்க் கையில் எடுத்தால் கனக்கும் ஓர் இரும்புப் பெட்டி. உள்ளே தட்டுகள் ஓயாமல் சுற்றும். நாம் அடித்ததெல்லாம் அந்தத் தட்டுகளில்தான் இருக்கும். சிவகாசியில் இருந்து வந்தது பெரிய அலுவலக மெஷின்களுக்காகச் செய்த டிஸ்க். வேகமாகச் சுற்றும், அதே அளவுக்குச் சுடும். மதுரையில் அதை மாட்டிக் கொடுத்தவர், இது இப்படியே ஓடினால் வெந்துவிடும் என்று சொல்லி அதற்கு முன்னால் தனியாக ஒரு குட்டி ஃபேனை வைத்துக் கொடுத்தார். குட்டி என்பது பார்க்கத்தான். அது போட்ட இரைச்சலில் வாசலில் சைக்கிள் மணி அடித்தால்கூட எனக்குக் கேட்காது. ஃபேனைக் கழற்றினால் மத்தியானத்தில் டிஸ்க் கொதித்து கம்ப்யூட்டர் அப்படியே உறைந்து நிற்கும். ஃபேனை மாட்டினால் அப்பாவால் தூங்க முடியாது. இந்த இரண்டுக்கும் நடுவில் நான் மாட்டிக்கொண்டேன்.

ராத்திரியில் வேலை செய்திருக்கலாமே என்று கேட்பாய். செய்து பார்த்தேன். தெருவே விளக்கும் டிவியும் போட்ட பிறகு எங்கள் லைனில் கரண்டின் அழுத்தம் குறைந்துபோகும், கம்ப்யூட்டர் தானாக அணைந்துவிடும். சமையல்கட்டில் வைக்கலாம் என்றால் புகையும் எலியும். அதனால் பகல்தான், அந்த அறைதான்.

அப்பா ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அதை நீ தெரிந்துகொள்ள வேண்டும். மில்லில் இருந்தே கொஞ்சம் பஞ்சைக் கொண்டுவந்து காதில் அடைத்துக்கொள்வார். கண்ணுக்கு மேல் துண்டைப் போட்டுக்கொள்வார். தூங்கிவிட்டார் என்றுதான் நானும் நினைப்பேன். நீ மத்தியானம் வீட்டுக்கு வந்தால் வாயில் விரலை வைத்தபடி நுனிக்காலில் நடப்பாய். சிரிப்பு வந்தால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்குவாய், சத்தமே வராது. பார்க்க வேடிக்கையாக இருக்கும். ஆனால் அந்த வயதுப் பிள்ளைக்குச் சத்தம் போடாமல் சிரிக்கப் பழக்கியிருக்கிறோமே என்று மனசுக்குள் சுருக்கென்றும் இருக்கும்.

தை முடிந்து மாசி பிறந்திருந்தது. ஒரு நாள் காலையில் அப்பா வீட்டுக்கு வந்தபோது சட்டையின் வலது கை தோளோடு கிழிந்து தொங்கியது. என்ன என்று கேட்டேன். "ஆணியில மாட்டிக்கிருச்சு" என்றார். நானும் தைத்துப் போடலாம் என்று மடித்து வைத்தேன். குழாயடிக்குத் தண்ணீர் பிடிக்கப் போனபோது, அவரோடு வேலை பார்ப்பவரின் மனைவி குடத்தை இறக்கி வைத்துவிட்டு என் பக்கத்தில் வந்தாள்.

"ஒங்க வீட்டுக்காரருக்கு ஒண்ணும் ஆகலைல்ல, அக்கா? மெஷின் பெல்ட்டு சட்டையப் பிடிச்சு இழுத்துருச்சாமே. எங்க வீட்டு அவியதான் ஓடிப் போயி நிப்பாட்டுனாவளாம். நின்னுக்கிட்டே கண்ண மூடிட்டாராம்லா."

குடம் நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. நான் அதை எடுக்கவில்லை. நேராக வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டரை அணைத்தேன். இரைச்சல் நின்றதுமே அப்பா துண்டை விலக்கிவிட்டுப் பார்த்தார். அவர் தூங்கியிருக்கவே இல்லை.

"ஏன் நிப்பாட்டிட்ட?"

"இத வித்துரலாம்ங்க."

"எதுக்கு?"

"ஆணியில மாட்டிக்கிட்ட சட்டையப் பத்திக் குழாயடியில சொன்னாங்க."

அவர் எழுந்து சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். பிறகு சொன்னார்: "எழுத்து அடிக்கும்போது ஒம்மொகம் எப்படி இருக்கும்னு ஒனக்குத் தெரியாதுட்டி. நான் துண்டுக்குள்ள இருந்து பாத்திருக்கேன். அத வித்துப்புட்டு நீ சும்மா உக்காந்திருந்தா, பொறவு எனக்கு எங்க இருந்து ஒறக்கம் வரும்? வித்துரணும்ங்கிற பேச்சு வேண்டாம். வேற வழி இருந்தா பாரு."

இதைச் சொல்லிவிட்டு மறுபடி படுத்துக்கொண்டார். இருபது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. இன்றைக்கும் எனக்கு அவர் மேல் கோபம் வந்தால், இந்த வார்த்தையை நினைத்துத்தான் ஆற்றிக்கொள்கிறேன்.

வேறு வழி என்றால் என்ன வழி? முதலில் நான் செய்தது மிகவும் எளிமையான காரியம். மறுநாள் அவர் சங்கத்துக் கூட்டத்துக்குப் போயிருந்த நேரத்தில் கம்ப்யூட்டரை ஓடவிட்டு, அவர் பாயில் அவர் படுக்கிற மாதிரியே படுத்தேன். காதில் பஞ்சு, கண்ணில் துண்டு. அதுவரை நான் அந்தச் சத்தத்தை நாற்காலியில் உட்கார்ந்துதான் கேட்டிருக்கிறேன். பாயில் படுத்தபோது அது வேறாக இருந்தது. ஃபேனின் காற்றுச் சத்தத்தைப் பஞ்சு பாதி அடைத்துவிட்டது. ஆனால் டிஸ்க்கின் ரீங்காரம் மேஜைக்கால் வழியாகத் தரையில் இறங்கி, தரையில் இருந்து தலையணைக்குள் ஏறி, தாடை எலும்பில் வந்து நின்றது. பல்லில் ஒரு வண்டு புகுந்த மாதிரி. ராத்திரி பூரா மெஷின் நடுவில் நிற்கிற மனுஷனுக்குப் பகலிலும் அதேதான் கிடைத்திருக்கிறது. வீடு பார்த்தாயிற்று என்றாயே, அந்தப் படுக்கையறையில் நீ ஒரு தடவை படுத்துப் பார்த்தாயா? அவள் இடத்தில் படுக்காமல் அவளுக்கு எது சரிப்படும் என்று உனக்கு எப்படித் தெரியும்?

படுத்துப் பார்த்ததில் வந்த கண்ணீரில் புத்தி மழுங்கிவிட்டது போலிருக்கிறது. நான் அடுத்துச் செய்தது மடத்தனம். ஒரு பெரிய அட்டைப் பெட்டியை எடுத்தேன். இரண்டு பழைய தலையணைகளைப் பிரித்து இலவம்பஞ்சைப் பெட்டிக்குள் சுற்றிலும் திணித்தேன். இரைச்சல் ஃபேனைக் கழற்றிப் போட்டுவிட்டு, சுடுகிற டிஸ்க்கை அந்தப் பஞ்சுக்கு நடுவே வைத்து மூடினேன். சத்தம் அடங்கியது. அப்பா அன்றைக்கு நன்றாகத் தூங்கினார். அடுத்த நாளும் தூங்கினார். எனக்கோ ஒரே பெருமை. அதற்கடுத்த நாள் மத்தியானம், கூரை அனலாக இறங்கிக்கொண்டிருந்தபோது, பெட்டிக்குள் இருந்து டக் டக் என்று ஒரு சத்தம். யாரோ கதவைத் தட்டுகிற மாதிரி விட்டு விட்டு. திரையில் எழுத்து உறைந்தது. அணைத்துவிட்டுப் போட்டேன். அப்படி ஒரு டிஸ்க்கே இல்லை என்று கம்ப்யூட்டர் சொன்னது.

அந்த டிஸ்க்கில் பத்தாம் வகுப்புக் கணக்கு வழிகாட்டி ஒன்று முழுதாக இருந்தது. ஓய்வு பெற்ற ஒரு வாத்தியார் எழுதியது. ஸ்ரீவில்லிபுத்தூர் அச்சகம்தான் போடுவதாக இருந்தது. பின்னமும் வர்க்கமூலமும் நிறைந்த கணக்கைத் தமிழில் அமைப்பது எப்படிப்பட்ட வேலை என்று உனக்குச் சொல்லி விளங்க வைக்க முடியாது. ஒவ்வொரு கோட்டையும் ஒவ்வொரு சின்ன எண்ணையும் கையால் நகர்த்தி நகர்த்தி வைக்க வேண்டும். கார்த்திகையில் ஆரம்பித்த வேலை அது. முதல் சில பாடங்கள் மட்டும் ஃபிளாப்பியில் இருந்தன. மற்றதை எல்லாம் எடுத்து வைக்க வேண்டும், எடுத்து வைக்க வேண்டும் என்று தள்ளிப் போட்டுக்கொண்டே வந்திருந்தேன். "மாசிக் கடைசிக்குள்ள புத்தகம் கடைக்கு வரலேன்னா பரீச்சை முடிஞ்ச பொறவு அத யாரும்மா வாங்குவா?" என்று அச்சகத்துக்காரர் முந்தின வாரம்தான் கேட்டிருந்தார். மறுபடி அடிக்க நேரம் கிடையாது. அந்த வேலை கைவிட்டுப் போனால் அச்சகமும் என்னை விட்டுப் போகும், வாத்தியாரின் உழைப்பும் போகும்.

உன்னைப் பக்கத்து வீட்டில் விட்டேன். டிஸ்க்கைக் கழற்றித் துணியில் சுற்றிக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ஸில் ஏறினேன். வழி முழுவதும் மடியில் வைத்திருந்தேன். காய்ச்சல்காரப் பிள்ளையைத் தூக்கிப் போகிற மாதிரி, அது துணியைத் தாண்டிச் சுட்டது. மைதீன் பாயைத் தவிர வேறு யாரிடம் போவது என்று எனக்குத் தெரியவில்லை. அவர் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் சவுண்டு சர்வீஸ் வைத்திருந்தார். கல்யாணத்துக்கும் திருவிழாவுக்கும் மைக் செட் கட்டுவார், ஆம்ப்ளிஃபயர் பழுது பார்ப்பார். நான் அச்சகத்தில் இருந்த காலத்தில் அங்கே எந்த மின்சாரச் சாமான் நின்றாலும் அவரைத்தான் கூப்பிடுவோம்.

"அண்ணே, இது செத்துப்போச்சான்னு பாருங்க."

"இதப் பத்தி எனக்கு என்ன தெரியும் தங்கச்சி? நான் மைக் செட்டுக்காரன்" என்றவர் கையில் வாங்கிய உடனே மறு கைக்கு மாற்றினார். "என்ன இந்தச் சுடு சுடுது? என்ன செஞ்சிய?"

சொன்னேன். அவருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"காய்ச்சல் அடிக்கிறவனுக்குப் போர்வையப் போத்துனீயளா? அதுவும் இலவம்பஞ்சு!" பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரிப்பை நிறுத்தினார். "இருங்க, இருங்க. அழாதீய. சூட்டுல மயங்கிக் கெடக்கோ என்னவோ. மொதல்ல அது ஆறட்டும், பொறவு பாப்போம்."

கடைக்குள் தண்ணீர்ப் பானைக்குப் பக்கத்தில் குளிர்ந்து கிடந்த சிமெண்டுத் தரையில் அதை வைத்தார். எனக்கு டீ வரவழைத்தார். நான் அதைக் குடிக்காமல் பார்த்துக்கொண்டிருந்தபோது, பிரித்துப் போட்டிருந்த ஓர் ஆம்ப்ளிஃபயரை இழுத்து அதன் முதுகைக் காட்டினார். சீப்புப் பல் மாதிரி வரிசை வரிசையாக அலுமினியத் தகடுகள்.

"இத எதுக்கு வச்சிருக்கான் தெரியுமா? உள்ள இருக்கிற சூடு பூரா இந்தப் பல்லு வழியா வெளிய போயிரும். திருவிழா பூரா பாடுனாலும் ஃபேன் வேண்டாம், சத்தமும் கிடையாது. நீங்க சூட்ட அடைச்சிய. அது வெளிய போக வழி விட்டிருக்கணும்லா." எரிந்துபோன வேறோர் ஆம்ப்ளிஃபயரில் இருந்து அதே மாதிரி இரண்டு அலுமினியக் கட்டிகளைக் கழற்றினார். "நாளைக்கு ராசபாளையம் பள்ளிவாசல்ல ஸ்பீக்கர் பாக்கணும். வந்து மாட்டித் தாரேன். அது வரைக்கும் இதுக்குக் கரண்டு காட்டாதீய."

மறுநாள் அப்பாவுக்கு வார லீவு. பஞ்சில் சுற்றி டிஸ்க்கைக் கொன்றுவிட்டேன் என்று அவரிடம் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. ஆனால் சொன்னேன். அவர் கத்தவில்லை. "ரெண்டு நாள் நல்லா ஒறங்குனேன்ல, அதக் கணக்குல சேத்துக்கோ" என்றார். மில் நண்பரிடம் கைத் துளைப்பான் ஒன்றைக் கேட்டு வாங்கி வந்தார். பாய் வந்து சேர்ந்ததும் இருவரும் தரையில் உட்கார்ந்து அளவு பார்த்து அலுமினியத்தில் துளை போட்டார்கள். டிஸ்க்கின் இரண்டு பக்கத்திலும் பாய் ஒரு வெள்ளைப் பசையைத் தடவினார். சூடு தடையில்லாமல் அலுமினியத்துக்குப் போக அந்தப் பசை. அப்பா திருகாணியை முடுக்கினார். நான் வயர்களை மாட்டினேன். மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். சுவிட்சைப் போட்டேன்.

முதலில் ஒன்றுமில்லை. பிறகு மெதுவாக அந்த ரீங்காரம் எழுந்தது. எத்தனை நாள் நான் திட்டித் தீர்த்த சத்தம்! அன்றைக்கு அதைக் கேட்டதும் நாற்காலியை இழுத்துப் போட்டுத் திரைக்கு முன்னால் உட்கார்ந்தேன். திரையில் பாடங்களின் பெயர்கள் ஒவ்வொன்றாக வந்தன. "பேசிக்கிட்டு இருக்காதீய, எடுங்க, எடுங்க, திரும்பப் படுத்துக்கிருச்சுன்னா?" என்று பாய் அவசரப்படுத்தினார். ஒவ்வொரு பாடமாகப் பழைய சின்ன டிஸ்க்குக்கு மாற்ற ஆரம்பித்தேன். அப்பா பனையோலை விசிறியை எடுத்துக்கொண்டு வந்து டிஸ்க்குக்கு விசிற உட்கார்ந்தார். ஒரு கை வலித்தால் மறு கைக்கு மாற்றுவார். "போதும் மாப்ள, அலுமினியம் பாத்துக்கிரும்" என்று பாய் சொல்லியும் நிறுத்தவில்லை. வட்டங்கள் பாடத்தில் மட்டும் டிஸ்க் திக்கித் திக்கிப் படிக்க முயன்று விட்டுவிட்டது. மற்றதெல்லாம் வந்துவிட்டது. கடைசிப் பாடம் மாறி முடிந்தபோது அப்பா விசிறியைக் கீழே போட்டுவிட்டு அப்படியே தரையில் மல்லாந்து படுத்தார். நான் எழுந்து போய்ச் சமையல்கட்டுக் கதவுக்குப் பின்னால் நின்று ஆசை தீர அழுதேன். நீ வந்து என் சேலையைப் பிடித்துக்கொண்டு, "அம்மா, அப்பா ஒறங்குதாவ, சத்தம் போடாத" என்றாய்.

டிஸ்க் பிழைத்துவிட்டது, சூட்டுக்கும் வழி கிடைத்துவிட்டது. சத்தம் அப்படியேதான் இருந்தது. பாயிடம் கேட்டேன். "அதுக்கு எங்கிட்ட மருந்து இல்ல தங்கச்சி. நான் சத்தத்த விக்கிறவன்" என்று சொல்லிவிட்டு வண்டி ஏறினார். போகும்போது ஒன்று மட்டும் சொல்லிக் கொடுத்தார். அலுமினியம் மாட்டிய பிறகு ஃபேன் முழு வேகத்தில் சுற்றத் தேவையில்லை. எந்த வயரில் இருந்து எந்த வயருக்கு மாற்றிக் கொடுத்தால் அதற்குப் பாதிக்குக் கொஞ்சம் மேலே மட்டும் மின்சாரம் போகும் என்று காட்டினார். "சோத்தக் கொறச்சுப் போடுங்க, துள்ளாது." அப்படிச் செய்ததும் ஃபேன் இரைச்சல் பெருமூச்சு அளவுக்குக் குறைந்துவிட்டது.

மிச்சம் இருந்தது தரை வழியாக வந்து பல்லுக்குள் புகுந்த அந்த வண்டு. அதற்கு வழி உன்னிடம்தான் கிடைத்தது. நீ தூளியில் தூங்குகிற வயதைத் தாண்டிவிட்டாய், ஆனாலும் உத்தரத்தில் கட்டிய பழைய சேலைத் தூளியில் ஏறிக்கொள்ளாமல் உனக்குத் தூக்கம் வராது. ஒரு நாள் நான் அம்மியில் மிளகாய் அரைத்துக்கொண்டிருந்தேன். அரைக்கிற அதிர்வில் தட்டுக் கம்பியில் கரண்டி ஆடுகிறது, சொம்பில் தண்ணீர் நடுங்குகிறது, நீ மட்டும் தூளிக்குள் அசையாமல் தூங்குகிறாய். அம்மிக் கல்லைப் பிடித்தபடி உன்னையே பார்த்தேன். தரையின் நடுக்கம் உன்னிடம் வரவில்லை என்றால், டிஸ்க்கின் நடுக்கமும் தூளியில் போட்டால் தரைக்கு வராது அல்லவா?

அடுப்பை அணைத்துவிட்டு சைக்கிள் கடைக்குப் போனேன். பழைய டியூப் ஒன்றைக் கேட்டு வாங்கி நாடா நாடாவாக நறுக்கினேன். ஆப்பிள் வந்த மரப்பெட்டி ஒன்று வீட்டில் இருந்தது. அதன் அடிப் பலகையையும் மேல் பலகையையும் எடுத்துவிட்டு, பக்கங்களுக்கு இடையே டியூப் நாடாவைக் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டி, அலுமினியத்தோடு டிஸ்க்கை அதற்குள் தொங்கவிட்டேன். முதல் தடவை சொதப்பல். வெயிலிலும் கனத்திலும் ரப்பர் இளகி, மத்தியானத்துக்குள் டிஸ்க் கீழே இறங்கி மேஜையைத் தொட்டு மறுபடி ரீங்காரம் போட்டது. இரண்டாவது தடவை நாடாவை இரட்டையாக மடித்து, முன்னும் பின்னும் முடிச்சை மாற்றிப் போட்டேன். அது நின்றது. ஒரு பக்கம் சோம்பேறி ஃபேன், நடுவில் தொங்கும் டிஸ்க். பார்ப்பவர்களுக்குக் கிளிக்கூண்டு மாதிரி இருக்கும். வெயில் உச்சியில் இருக்கும்போது அலுமினியத்தைத் தொட்டுப் பார்த்தேன். காப்பித் தம்ளரைப் பிடிக்கிற சூடு, அவ்வளவுதான். மேஜையில் உள்ளங்கையை வைத்தேன். ஒன்றுமே இல்லை. தரையில் காதை வைத்தேன். தூரத்தில் யாரோ துணி துவைக்கிற சத்தம் கேட்டது.

அப்பாவிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் காலையில் வழக்கம்போல் வந்தார், பஞ்சை அடைத்துக்கொண்டு படுத்தார். நான் கம்ப்யூட்டரைப் போட்டு வட்டங்கள் பாடத்தை மறுபடி அடிக்க உட்கார்ந்தேன். நீ பால்வாடியில் இருந்து வந்தாய், சாப்பிட்டாய், தூங்கினாய். அப்பா புரண்டுகூடப் படுக்கவில்லை. எனக்கே ஒரு கட்டத்தில் பயம் வந்து, குனிந்து மூச்சு வருகிறதா என்று பார்த்தேன். வாய் கொஞ்சம் திறந்திருந்தது. காதில் இருந்து பஞ்சு கழன்று தலையணையில் கிடந்தது. வெயில் இறங்குகிற நேரத்தில் திடுக்கிட்டு எழுந்தார்.

"கரண்ட் போயிருச்சா?"

"இல்லியே."

"மெஷின் ஓடலையே?"

"ஓடிக்கிட்டுத்தான் இருக்கு. வந்து பாருங்க."

நம்பாமல் எழுந்து வந்தார். திரையைப் பார்த்தார். ஆப்பிள் பெட்டிக்குள் குனிந்து பார்த்தார். ஃபிட்டர் இல்லையா, விரலால் ரப்பர் நாடாவைச் சுண்டிப் பார்த்தார். மேஜைக்காலில் காதை வைத்தார். அப்படியே இருந்தார். பிறகு என்னைப் பார்த்து, சின்னப் பிள்ளை கேட்கிற மாதிரிக் கேட்டார்: "அப்பம் நான் இன்னும் செத்த நேரம் படுக்கட்டா?"

அந்தச் செத்த நேரம் விளக்கு வைத்த பிறகும் முடியவில்லை. எழுப்ப எனக்கு மனசு வரவில்லை. கடைசியில் மில் சங்கு ஊதித்தான் எழுந்தார். வேலைக்குச் சேர்ந்த நாளில் இருந்து ஒரு நாளும் பிந்தாத மனுஷன், சட்டைப் பித்தானைப் போட்டுக்கொண்டே சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஓடினார். தெருமுனையில் திரும்பும்போது அவர் சிரித்த சத்தம் லைன் முழுவதும் கேட்டது. நீயும் வாசலில் நின்று சிரித்தாய், வாயைப் பொத்தாமல்.

வழிகாட்டி பரீட்சைக்கு முன்னால் கடைக்கு வந்துவிட்டது. வாத்தியார் ஒரு பிரதியில் கையெழுத்துப் போட்டு, பால்கோவாவோடு வீட்டுக்கே வந்து கொடுத்தார். அந்த டிஸ்க் அதற்குப் பிறகும் சில வருஷம் கூண்டுக்குள் தொங்கிக்கொண்டே உழைத்தது. அப்பா அடுத்த வருஷம் பகல் ஷிப்டுக்கு மாறினார். பத்து விரலோடு ரிட்டையர் ஆனார். அந்தப் பத்து விரலை நினைத்தால் எனக்கு இப்போதும் மூச்சு லேசாகிறது.

இதை உனக்கு எழுதும்போது ஒன்று தோன்றுகிறது. அன்றைக்கு நான் விற்றுவிடலாம் என்று சொன்னபோது அப்பா சரி என்று சொல்லியிருந்தால், அதுவும் தப்பில்லை, உலகத்தில் பாதிப் பேர் அப்படித்தான் செய்கிறார்கள். அவர் நன்றாகத் தூங்கியிருப்பார். நானும் சமைத்து, துவைத்து, நல்லபடியாகத்தான் இருந்திருப்பேன். ஆனால் நான் எதை விட்டேன் என்று ஒவ்வொரு மத்தியானமும் இரண்டு பேருக்கும் தெரிந்திருக்கும். கலைவாணி பேஷண்டுகளைப் பற்றிப் பேசும்போது அவள் முகத்தை நீ பார்த்திருக்கிறாயா? நான் பார்த்தேன், பெண் பார்க்கப் போன அன்றைக்கே. வேலையை விடச் சொல்லுவது ஒரு நிமிஷப் பேச்சு. வேறு வழி தேடுவதுதான் நேரமெடுக்கும், கையில் பசை ஒட்டும், முதல் தடவை சொதப்பும். சொதப்பினால் மறுபடி செய். கூடவே சிரித்துப் பேச மைதீன் பாய் மாதிரி ஒருவரையும் தேடி வைத்துக்கொள்.

எழுதி முடித்ததை அப்பாவிடம் படித்துக் காட்டினேன். முழுவதையும் கேட்டுவிட்டு, "விசிறுனதுல கை வலி மூணு நாளைக்கு இருந்துச்சு, அத எழுதலையே" என்றார். பிறகு அவரே ஒரு யோசனை சொன்னார். வருகிற வாரம் நாங்கள் இரண்டு பேரும் கோயம்புத்தூர் வருகிறோம். வீட்டுக்காரரிடம் ஒரு நாளைக்கு மட்டும் அந்த வீட்டுச் சாவியைக் கேட்டு வாங்கிவை. நீ காலையில் வழக்கம்போல் உட்கார்ந்து உன் மீட்டிங்கை எல்லாம் பேசு, ஒளிக்காமல், குரலைக் குறைக்காமல். அப்பா ஒரு பகல் முழுவதும் அந்தப் படுக்கையறையில் கதவைச் சாத்திக்கொண்டு படுத்துப் பார்ப்பார். எந்தச் சத்தத்தோடு தூங்க முடியும், எந்தச் சத்தத்தோடு முடியாது என்று அவருக்குத்தான் தெரியும். அவர் எழுந்து வந்து சொல்வதைக் கேட்டுக்கொள். ஜன்னலுக்குக் கனமான திரை, கதவிடுக்குக்கு ரப்பர், உன் மேஜைக்கு வேறு மூலை என்று எது வேண்டுமானாலும் இருக்கலாம். நான் அளவு நாடாவும் கத்திரியும் கொண்டுவருகிறேன். கலைவாணியையும் அன்றைக்கு வரச் சொல். அவள் பார்த்துச் சரி என்று சொன்ன பிறகு வீட்டுக்காரருக்கு முன்பணம் கொடு.

அம்மா